மெயில்ல இடம் இல்லையாம், ஆனா தின்னது மெயில் இல்ல

ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு ஜிமெயில்ல மேல ஒரு செவப்பு பட்டை வந்துச்சுன்னா, எல்லாரும் மொத வேலையா இன்பாக்ஸ தொறந்து ஷாப்பிங் ஆஃபர் மெயில், பேங்க் விளம்பர மெயில்னு ஒவ்வொண்ணா டிக் அடிச்சு அழிக்க ஆரம்பிச்சுடறாங்க. சேலம் அஸ்தம்பட்டில நாங்க நடத்தற பிரவுசிங் சென்டருக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு இந்த வேலைய வீட்டுல பண்ணிப் பாத்துட்டு, "ஐநூறு மெயில் அழிச்சேங்க, இன்னும் ஃபுல்லுன்னுதான் காட்டுது"ன்னு தான் வந்து உக்காருவாங்க. காட்டத்தான் செய்யும். அந்த மாதிரி விளம்பர மெயில் ஒண்ணு தோராயமா 75 கேபி இருக்கும்னு வெச்சுக்கங்க, ஐநூறு அழிச்சாலும் மொத்தமே 37 எம்பி சொச்சம் தான். கூகுள் உங்களுக்கு ஃப்ரீயா குடுத்திருக்கறது 15 ஜிபி, அதாவது பதினஞ்சாயிரம் எம்பி. இதே கணக்குல போனா 15 ஜிபிய வெறும் மெயிலாலயே ரொப்பணும்னா 2 லட்சம் மெயில் வேணும், அவ்ளோ மெயில் யாருக்குமே வர்றதில்ல. அப்ப இடத்த தின்னது யாரு, அதத்தான் மொதல்ல கண்டுபிடிக்கணும், அழிக்கறது எல்லாம் அப்புறம்.

விஷயம் என்னன்னா இந்த 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் குடுத்தது கெடையாது. காம்பவுண்ட் வீட்டுல மேல ஒரே ஒரு சின்டெக்ஸ் டேங்க், கீழ மூணு போர்ஷன் இருந்தா எப்படியோ அப்படித்தான், ஜிமெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூணுக்கும் சேத்து ஒரே டேங்க். நடு போர்ஷன்காரங்க மோட்டார் போட்டு மொத்தத்தயும் இழுத்துட்டாங்கன்னா கடைசி வீட்டுக்கு காத்து தான் வரும், ஜிமெயில் தான் அந்த கடைசி வீடு. போட்டோ பேக்கப் நின்னு போனா பல பேருக்கு மாசக்கணக்கா தெரியவே தெரியாது, மெயில் நின்னா அன்னிக்கே ஓடி வருவாங்க, அதனாலதான் எல்லாரும் இத மெயில் பிரச்சினைன்னு சொல்றாங்க.

முன்ன இப்படி இல்ல. 2004 ஏப்ரல் 1ம் தேதி ஜிமெயில் வந்தப்ப ஹாட்மெயில் 2 எம்பி, யாஹூ 4 எம்பி தான் ஃப்ரீயா குடுத்துட்டு இருந்தாங்க, இவங்க ஒரேயடியா 1 ஜிபின்னு சொன்னதும் தேதிய பாத்துட்டு ஏப்ரல் ஃபூல் பண்றாங்கன்னே நெறய பேரு நெனச்சாங்க. இனிமே எதயும் அழிக்கவே வேணாம்னு தான் அப்ப பேச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, 2013 மே மாசம் மூணயும் ஒண்ணா சேத்து 15 ஜிபின்னு ஆக்குனாங்க. அதுக்கப்புறம் ஃப்ரீ அளவு ஏறவே இல்ல, ஆனா நம்ம கையில இருக்கற போன் எங்கயோ போயிடுச்சு. அப்ப எடுத்த போட்டோ ஒண்ணு ஒன்ற எம்பி ரெண்டு எம்பி, இப்ப சாதாரண போன்லயே 3லேருந்து 5 எம்பி வருது, வீடியோன்னா போனையும் செட்டிங்கையும் பொறுத்து ஒரு நிமிஷத்துக்கு 100 எம்பி, ஃபோர்கேல வெச்சா 300க்கும் மேல போவும். 2021 ஜூன் 1 வரைக்கும் கூட ஒரு சலுகை இருந்துச்சு, கொஞ்சம் சைஸ் கொறச்சு ஏத்துன போட்டோவ கணக்குல சேக்க மாட்டாங்க, அந்தத் தேதிக்கு அப்புறம் ஏத்துனது எல்லாமே கணக்கு தான். அதுக்கு முன்னாடி அப்படி ஏத்துனது இன்னிக்கும் ஃப்ரீ தான், அதனால இடம் வேணும்னு 2019 போட்டோவ எல்லாம் ஒக்காந்து அழிக்காதீங்க, பாதி நேரம் ஒரு எம்பி கூட மிச்சமாகாது, ஞாபகம் தான் போகும்.

அடுத்த கொழப்பம், இது ரொம்ப பேருக்கு இருக்கு, போன் மெமரியும் அக்கவுண்ட் ஸ்டோரேஜும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறது. ஏற்காட்டுல எஸ்டேட் வீட்ட ஹோம்ஸ்டேவா விடற ஒரு அக்கா, மே மாசம் கோடை விழா சீசன் நெருங்கறப்ப வந்தாங்க. ரூம் கேட்டு மெயில் போட்டவங்க எல்லாம் போன் பண்ணி "உங்க மெயில் திரும்பி வருதுங்க"ன்னு சொல்றாங்களாம். அவங்க போன்ல 128 ஜிபி மெமரி, அதுல பாதி காலியா கெடக்கு, "இவ்ளோ இடம் இருக்குதே தம்பி, எப்படி ஃபுல் ஆகும்"னு அவங்க கேட்டது நியாயமான கேள்வி தான். ஆனா அந்த 128 அவங்க கையில இருக்கற போனோட இடம், மெயில் வந்து உக்கார்ற இடம் கூகுள் கம்ப்யூட்டர்ல, அங்க அவங்களுக்கு 15 தான். போனுக்கு மெமரி கார்டு போட்டாலும் சரி, புது போனே வாங்குனாலும் சரி, இந்த 15 அப்படியே தான் நிக்கும். பாத்தா போட்டோஸ் மட்டும் 13 ஜிபிய தாண்டி இருந்துச்சு, மெயில் ஒரு ஜிபி கூட இல்ல. மேல எஸ்டேட் பக்கம் சிக்னல் சரியா கெடைக்காததால பேக்கப் எல்லாம் தேங்கி நின்னு, வீட்டுக்கு வைஃபை போட்ட பிற்பாடு ஒட்டுமொத்தமா ஏறியிருக்கு, பனி மூட்டம், பூ, காபிப் பழம், வந்த கெஸ்ட்டுக எடுத்து அனுப்புன வீடியோன்னு அத்தனையும்.

இதுல இன்னொரு தலைகீழ் விஷயம் இருக்கு. கூகுள் போட்டோஸ் ஆப்ல "ஃப்ரீ அப் ஸ்பேஸ்"னு ஒரு பட்டன் வரும், பேர பாத்தா நமக்குத் தேவையானது இது தான்னு தோணும். அது காலி பண்றது போன் மெமரிய. பேக்கப் ஆனத போன்லேருந்து மட்டும் எடுத்துடும், அக்கவுண்ட்ல எல்லாம் பத்திரமா அப்படியே இருக்கும், 15 ஜிபில ஒரு துளி கொறயாது. அதுக்கு மாறா, அதே ஆப்ல ஒரு போட்டோவ தொட்டு டெலீட் குடுத்தீங்கன்னா அக்கவுண்ட்லயும் போயிடும், போன்லயும் போயிடும். "கூகுள்ல மட்டும் அழிச்சேன், போன்ல இருக்கும்னு நெனச்சேன்"னு வந்து நிக்கறவங்கள பாத்தா மனசுக்கு கஷ்டமா இருக்கும். பேக்கப் ஆன போட்டோ அறுபது நாள் வரைக்கும் ட்ராஷ்ல கெடக்கும், அதுக்குள்ள வந்தா எடுத்துக் குடுக்கலாம், அதுக்கு மேலன்னா ஒண்ணும் பண்ண முடியாது. அதனால பெரிய அளவுல அழிக்கறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்லயோ ஹார்ட் டிஸ்க்லயோ ஒரு காப்பி போட்டுக்குங்க.

சரி, ஃபுல் ஆனா என்ன தான் ஆகும்? புதுசா மெயில் உள்ள வராது, நீங்களும் அனுப்ப முடியாது, டிரைவ்ல புதுசா எதுவும் ஏறாது, போட்டோ பேக்கப் நிக்கும். பழைய மெயில படிக்கலாம், டவுன்லோட் பண்ணலாம், அழிக்கலாம், லாகின் எல்லாம் ஆவும், அதனால தான் "எல்லாம் நல்லா தானே வேல செய்யுது"ன்னு நெனச்சுட்டு நாள் ஓட்டிடறாங்க. ஆபத்து எங்கன்னா வராத மெயில்ல. அனுப்புனவருக்கு "இவரு மெயில்பாக்ஸ் ஃபுல்"னு ஒரு பதில் போகும், அது மனுஷன் அனுப்புன மெயிலா இருந்தா உங்களுக்கு போன் பண்ணி சொல்லுவாரு, அந்த ஏற்காடு அக்காவுக்கு சொன்ன மாதிரி. ஓடிபி, ஹால் டிக்கெட், இன்டர்வியூ லெட்டர், கரண்ட் பில் இதெல்லாம் மெஷின் தானா அனுப்பறது, அந்த நோ ரிப்ளை அட்ரஸுக்கு திரும்பிப் போனா அங்க யாரும் ஒக்காந்து படிச்சுட்டு இருக்க மாட்டாங்க. இடத்த காலி பண்ணிட்டா தேங்கி நின்ன மெயிலெல்லாம் கடகடன்னு வந்து விழும்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அத நம்பாதீங்க. அனுப்பற சர்வர் கொஞ்ச நேரம், சில சமயம் ஓரிரு நாள் மறுபடி மறுபடி முயற்சி பண்ணும், அந்தக் கேப்ல நீங்க காலி பண்ணிட்டா வரலாம், ஒரு தடவ முடியாதுன்னு திரும்பிப் போனது போனது தான், அனுப்புனவங்க திருப்பி அனுப்புனா தான் உண்டு. காலி பண்ண கையோட முக்கியமானவங்களுக்கு ஒரு மெசேஜ் தட்டி, திரும்ப அனுப்பச் சொல்லிடுங்க.

இப்ப எது தின்னுச்சுன்னு பாக்கலாம். ஜிமெயில் ஆப்ல வலது பக்க மூலைல உங்க போட்டோவோ பேரோட மொத எழுத்தோ வட்டமா இருக்கும்ல, அத தொட்டா எத்தன சதவீதம் ஆயிருக்குன்னு ஒரு வரி காட்டும், அந்த வரிய தொடுங்க. கம்ப்யூட்டர்னா ஜிமெயில் பக்கத்துல கீழ கடைசில 15 ஜிபில இவ்ளோன்னு சின்னதா எழுதியிருக்கும், அத க்ளிக் பண்ணுங்க. போட்டோஸ் இவ்ளோ, டிரைவ் இவ்ளோ, ஜிமெயில் இவ்ளோன்னு கலர் கலரா பிரிச்சுக் காட்டற ஒரு பக்கம் வரும். இந்த ஒரு பக்கத்த பாக்காம எதயும் அழிக்காதீங்கன்னு தான் நான் வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றது.

போட்டோஸ் தான் பெருசுன்னா, மொதல்ல வீடியோல கைய வைங்க. அந்தப் பக்கத்துலயே இருக்கற க்ளீன் அப் ஸ்பேஸ்ங்கறதுக்குள்ள போனா பெரிய வீடியோ, மங்கலான போட்டோ, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் தனித்தனியா எடுத்து வெச்சிருக்கும், பெரிய வீடியோவ மட்டும் பாத்தாலே பல பேருக்கு வேல முடிஞ்சுடும். கல்யாணத்துல நலங்கு வெக்கிறப்ப பாக்கெட்ல போன் ஆன்ல இருந்து எட்டு நிமிஷம் இருட்டா ரெக்கார்ட் ஆயிருக்கும் பாருங்க, அது ஒண்ணே கிட்டத்தட்ட ஒரு ஜிபி. அடுத்தது கம்ப்யூட்டர்ல போட்டோஸ் செட்டிங்குக்குள்ள "ரெகவர் ஸ்டோரேஜ்"னு ஒண்ணு இருக்கும், ஒரிஜினல் சைஸ்ல ஏத்தி வெச்சத எல்லாம் போட்டோவ 16 மெகாபிக்சல், வீடியோவ 1080ன்னு கொறச்சு இடம் மிச்சம் பண்ணும். வீட்டுல டிவில, போன்ல பாக்கறதுக்கு வித்தியாசமே தெரியாது. போட்டோகிராஃபி தொழில் பண்றவங்க மட்டும் இத அமுக்காதீங்க, ஒரு தடவ கொறச்சா கொறச்சது தான்.

வாட்ஸப்ப விட்டுட்டேன் பாருங்க. ஆண்ட்ராய்டு போன்ல வாட்ஸப் பேக்கப் முன்ன கூகுள்ல சும்மாவே இருந்துச்சு, கணக்குல வராது, 2024லேருந்து அதுவும் இந்த 15க்குள்ள வந்துடுச்சு. குரூப்ல காலைல குட் மார்னிங் வீடியோ, கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வீடியோ, யாரோ யாருக்கோ ஃபார்வர்ட் பண்ணத நமக்கும் ஃபார்வர்ட் பண்ண நாட்டு வைத்திய வீடியோ, இதெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு பத்திரமா நம்ம அக்கவுண்ட்ல ஏறி உக்காந்துக்கும். வாட்ஸப் செட்டிங்ஸ்ல சாட்ஸ், அதுக்குள்ள சாட் பேக்கப் போயி, "இன்க்ளூட் வீடியோஸ்"ங்கறத ஆஃப் பண்ணிட்டு, ஒரு தடவ "பேக் அப்"ங்கறத அமுக்குங்க, அடுத்த பேக்கப் சின்னதா போயிடும். சாட் எல்லாம் அப்படியே இருக்கும், வீடியோ மட்டும் தான் பேக்கப்ல போகாது. ஐபோன் வெச்சிருக்கறவங்களுக்கு வாட்ஸப் பேக்கப் ஆப்பிளோட ஐகிளவுடுக்கு போறது, அங்க ஃப்ரீ 5 ஜிபி தான், அந்தக் கத தனி.

நெசமாவே மெயில் தான் பெருசுன்னு வர்றவங்களும் உண்டு, அவங்க பெரும்பாலும் தொழில் பண்றவங்க. செவ்வாய்ப்பேட்டைல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கற ஒரு அண்ணாவோட அக்கவுண்ட் தான் நான் பாத்ததுலயே நல்ல உதாரணம். வடக்க இருக்கற கடைக்காரங்களுக்கு டிசைன் போட்டோவ எல்லாம் மெயில்ல தான் அனுப்புவாரு, சலங்கை ஒரு கோணம், அரும்பு ஒரு கோணம், பூட்டு ஒரு கோணம்னு எல்லாத்தயும் ஒரே ஃபைலா சுருட்டி 18 எம்பி. மெயில்ல அட்டாச்மென்ட் போறப்ப அத எழுத்தா மாத்தித்தான் அனுப்பும், அதனால சைஸ் மூணுல ஒரு பங்கு ஏறிடும், 18 எம்பி ஃபைல் 24 எம்பி மெயிலா ஆயிடும். 25 எம்பி வரைக்கும் அனுப்பலாம்னு சொல்றாங்களே, என் ஃபைல் 22 தான் இருக்கு, ஏன் போகலன்னு கேக்கறவங்களுக்கும் பதில் இதுவே. இவரு அனுப்புன காப்பி இவரோட சென்ட்ல ஒண்ணு, அவங்க "இந்தக் கண்ணிய மாத்துங்க"ன்னு ஃபைலோட ஃபார்வர்ட் பண்ணி அனுப்புனது இன்பாக்ஸ்ல ஒண்ணு, இவரு மாத்தி அனுப்புனது மறுபடி சென்ட்ல ஒண்ணு. ஒரு டிசைன் அஞ்சு தடவ போய் வந்தா 120 எம்பி, மாசம் பத்து டிசைன்னா 1.2 ஜிபி, வருஷம் முடியறதுக்குள்ள 14 ஜிபிய தாண்டிடும். அவரு என்னடான்னா இன்பாக்ஸ மட்டும் பாத்துட்டு "எனக்கு அவ்ளோ மெயிலே வர்றதில்லையேப்பா"ன்னு சொல்லிட்டு இருந்தாரு. பாதி பாரம் சென்ட் மெயில்ல கெடந்துச்சு.

பெரிய மெயில மட்டும் பிடிக்கறதுக்கு வழி ரொம்ப சுலபம், கம்ப்யூட்டர்ல உக்காந்து பண்ணுங்க, போன்ல பண்ணலாம், ஆனா நூத்துக்கணக்குல செலக்ட் பண்ண கை வலிச்சுடும். ஜிமெயில்ல மேல தேடற கட்டம் இருக்கும்ல, அதோட வலது ஓரத்துல ரெண்டு மூணு கோடு போட்ட ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அத க்ளிக் பண்ணா ஒரு ஃபார்ம் மாதிரி விரியும், அதுல சைஸ்ங்கற எடத்துல "கிரேட்டர் தேன்" அப்படின்னு இருக்கட்டும், பக்கத்துல 10 போட்டு எம்பின்னு வெச்சு தேடுங்க. 10 எம்பிக்கு மேல இருக்கறது மட்டும் வரிசையா வந்து நிக்கும், இன்பாக்ஸ், சென்ட், ஆர்க்கைவ் எங்க இருந்தாலும் வந்துடும். ஃபார்ம் வேணாம்னா அந்தக் கட்டத்துலயே இங்கிலீஷ்ல லார்ஜர்னு அடிச்சு, இடம் விடாம முக்காற்புள்ளி வெக்கற மாதிரி மேலயும் கீழயும் ரெண்டு புள்ளி இருக்கற குறியப் போட்டு, 10 அடிச்சு, ஒட்டுனாப்ல எம் எழுத்த அடிங்க, அதே ரிசல்ட் தான். பழசு மட்டும் வேணும்னா ஃபார்ம்ல தேதியயும் சேத்துக்கலாம்.

வந்த லிஸ்ட்ட அப்படியே மொத்தமா அழிச்சுடாதீங்க, அதுல தான் ஆடிட்டர் அனுப்புன பேலன்ஸ் ஷீட்டு, பத்திர நகல், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் கலந்து கெடக்கும். வேணுங்கறத டவுன்லோட் பண்ணி வெச்சுட்டு மிச்சத்த டிக் அடிங்க. ஒரு பக்கத்துக்கு ஐம்பது தான் காட்டும், எல்லாமே வேணாம்ங்கற லிஸ்ட்டா இருந்தா மேல இருக்கற கட்டத்த டிக் பண்ணதும் "இந்த தேடலுக்கு வந்த எல்லாத்தயும் செலக்ட் பண்ணு"ங்கற அர்த்தத்துல ஒரு வரி இங்கிலீஷ்ல வரும், அத தொட்டா மொத்தமும் சேந்துக்கும். விளம்பர மெயிலுக்கு இது நல்லா உதவும், ப்ரமோஷன்ஸ் டேப்ப தொறந்து இதே மாதிரி மொத்தமா தூக்கிடலாம், இடம் பெருசா மிச்சமாகாது, கண்ணுக்கு நல்லா இருக்கும் அவ்ளோதான்.

அழிச்சதும் நேரா அந்தக் கலர் பக்கத்த போய்ப் பாத்துட்டு "கொறயவே இல்லயே"ன்னு பதறுவாங்க. அழிச்சது எல்லாம் ட்ராஷ்ல கெடக்கு, சில பேருக்கு பின்னுன்னு பேரு காட்டும், அங்க முப்பது நாள் இருக்கும், இருக்கற வரைக்கும் அதுவும் உங்க 15ல தான் கணக்கு. ட்ராஷ தொறந்து "எம்ப்டி" குடுத்தா தான் இடம் வரும், ஸ்பேமுக்கும் அதே தான். ஜிமெயில் ட்ராஷ் தனி, டிரைவ் ட்ராஷ் தனி, போட்டோஸ் ட்ராஷ் தனி, மூணயும் போய் காலி பண்ணணும், ஒண்ண பண்ணா மத்தது தானா ஆகாது. அதுக்கப்புறமும் கணக்கு புதுசாகி காட்ட கொஞ்ச நேரம் எடுக்கும், சில சமயம் ஒரு நாள் கூட ஆகும், அதுக்குள்ள அவசரப்பட்டு இன்னும் நாலு ஜிபிய அழிச்சுடாதீங்க.

ஆர்க்கைவ் பண்ணா இடம் மிச்சமாகும்னு நெனக்கறவங்களும் இருக்காங்க. ஆர்க்கைவ்னா இன்பாக்ஸ்லேருந்து கண்ணுக்கு மறச்சு வெக்கறது, இடம் அப்படியே தான் இருக்கும். லேபிள் நாலு ஒட்டுனா நாலு காப்பி ஆகும்னு பயப்படவும் வேணாம், மெயில் ஒண்ணு தான்.

இனிமே மெயில்ல இப்படி பாரம் சேராம இருக்க, பெரிய ஃபைல டிரைவ்ல ஒரு தடவ ஏத்திட்டு லிங்க்க மட்டும் அனுப்புங்க. அஞ்சு பேருக்கு பத்து தடவ லிங்க் அனுப்புனாலும் ஃபைல் ஒண்ணு தான், வாங்கறவங்க அக்கவுண்ட்ல இடமே பிடிக்காது, ஏத்துனவரு கணக்குல மட்டும் தான் சேரும். டிரைவ்ல "ஷேர்டு வித் மீ"ல கெடக்கறத பாத்துட்டு இத்தன ஃபைல் இருக்கேன்னு மலைக்க வேண்டியதில்ல, அது அடுத்தவங்க கணக்கு. அந்த கொலுசு அண்ணா இப்ப ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு லிங்க் குடுத்துட்டாரு, டிசைன் மாறுனா ஃபோல்டர்ல மாத்திடறாரு, "பழசு எது புதுசு எதுன்னு அவங்களுக்கும் கொழப்பம் இல்லீங்க"ன்னு சொன்னாரு.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. நெஜமா ஃபுல் ஆகாதவங்களுக்கும் "உங்க மெயில்பாக்ஸ் 98 சதவீதம் ஃபுல், 24 மணி நேரத்துல அக்கவுண்ட் மூடப்படும், இங்க க்ளிக் பண்ணுங்க"ன்னு ஒரு மெயில் வரும். இல்லன்னா "பேமென்ட் ஃபெயில் ஆயிடுச்சு, உங்க போட்டோ எல்லாம் இன்னிக்கு ராத்திரி அழிஞ்சுடும்"னு. லோகோ எல்லாம் அச்சு அசலா இருக்கும், க்ளிக் பண்ணா பாஸ்வேர்டு கேக்கும், கார்டு நம்பர் கேக்கும். ஃபுல் ஆனா 24 மணி நேரத்துல யாரும் எதயும் அழிக்கறதில்ல, கூகுள்ல விதியே வேற, ரெண்டு வருஷம் தொடர்ந்து அளவுக்கு மேலயே நின்னா தான் உள்ள இருக்கறத அழிக்கலாம்னு வெச்சிருக்காங்க. அதனால அவசரப்படுத்துற மெயில பாத்தாலே லிங்க்க தொடாம, நான் மேல சொன்ன மாதிரி நீங்களா ஆப்ப தொறந்து சதவீதத்த பாருங்க, அங்க 60ன்னு காட்டுச்சுன்னா வந்த மெயில் டுபாக்கூர். ஏற்கனவே பாஸ்வேர்டு குடுத்துட்டீங்கன்னா ஒடனே மாத்துங்க, பணம் போயிருந்தா சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு போன் போடுங்க, எவ்ளோ சீக்கிரம் போடறீங்களோ அவ்ளோ நல்லது.

ஜிமெயில் இல்லாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். அவுட்லுக் டாட் காம் ஃப்ரீ அக்கவுண்ட்ல மெயிலுக்கு 15 ஜிபி, ஆனா ஃபைல் சேத்து வெக்கற ஒன்டிரைவ் 5 ஜிபி தனி, 2023லேருந்து மெயில் அட்டாச்மென்ட் அந்த 5லயும் கணக்கு ஆகுது, அதனால மெயில்ல இடம் இருந்தும் மெயில் நிக்கற விசித்திரம் அங்க நடக்கும். ஐகிளவுட் 5 ஜிபில மெயில், போட்டோ, போன் பேக்கப் எல்லாம் ஒண்ணா.

கம்பெனி பேர்ல சொந்த டொமைன், அதாவது மெயில் ஐடில @க்கு அப்புறம் ஜிமெயிலுக்கு பதிலா கம்பெனி பேரு, வெச்சு மெயில் ஓட்டறவங்களுக்கு, ஜவ்வரிசி மில்லு, மில் ஸ்பேர்ஸ் கடைன்னு சேலத்துல நெறய பேரு அப்படித்தான் வெச்சிருக்காங்க, அவங்களுக்கு அளவு வெப்சைட் போட்டுக் குடுத்தவரு வெச்சது தான். ஒரு மெயிலுக்கு 500 எம்பி, 1 ஜிபின்னு கூட வெச்சிருப்பாங்க, சட்டுனு ரொம்பிடும். அந்த மாதிரி அக்கவுண்ட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாப், ஐமேப்ங்கற ரெண்டு முறைல எதுல சேத்திருக்காங்கன்னு தெரிஞ்சுக்கறது முக்கியம். பாப் முறைல இருந்தா மெயில் கம்ப்யூட்டருக்கு எறங்கிடும், சர்வர்ல காப்பி விடணுமா, எத்தன நாளைக்குன்னு செட்டிங்ல சொல்லலாம், முப்பது நாள்னு வெச்சா சர்வர் தானா காலியாகிட்டே இருக்கும், ஆனா அந்த ஒரு கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா பழைய மெயில் அத்தனயும் போச்சு, பேக்கப் அவசியம். ஐமேப்னா கம்ப்யூட்டர்ல தெரியறதும் சர்வர்ல இருக்கறதும் ஒண்ணே தான், இங்க அழிச்சா அங்கயும் அழியும். "கம்ப்யூட்டர்ல தான் இருக்கே"ன்னு பிரவுசர்ல வெப்மெயில தொறந்து உக்காந்து எல்லாத்தயும் அழிச்சா ரெண்டு பக்கமும் காலி ஆயிடும். எது உங்களோடதுன்னு தெரியலன்னா, போட்டுக் குடுத்தவர கேட்டுட்டு அப்புறம் கைய வைங்க.

ஃபுல் ஆச்சுன்னா புதுசா ஒரு ஜிமெயில் ஓப்பன் பண்ணிக்கலாமேன்னு காலேஜ் பசங்க சுலபமா சொல்லிடுவாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பழைய ஐடில தான் ஆதார், பான், பேங்க், பிஎஃப், இன்கம்டாக்ஸ் எல்லாம் இருக்கும், அது எல்லாத்துலயும் போய் மாத்தறதுக்கு ஒரு வாரம் அலையறத விட ஒரு சாயங்காலம் உக்காந்து பெரிய வீடியோவ அழிக்கறது மேல். மாத்தாம விட்டா பழைய ஐடி மறந்தே போகும், ரெண்டு வருஷம் உள்ள எட்டியே பாக்கலன்னா அந்த அக்கவுண்ட்டயே மூடலாம்னு 2023லேருந்து கூகுள்ல விதி இருக்கு.

காசு கட்டி இடம் வாங்கறதா இருந்தா, 100 ஜிபி பிளான் மாசத்துக்கு 130 ரூபா வாக்குல, வருஷத்துக்கு 1,300 வாக்குல வரும், அப்பப்ப ஆஃபரும் போடுவாங்க. தொழிலுக்கு வெச்சிருக்கறவங்க, கொழந்த போட்டோ எதயும் அழிக்க மனசில்லாதவங்க தாராளமா வாங்கலாம், ரெண்டு தட்டு வடை செட்டும் ஒரு காபியும் சாப்புடற காசு தான். வீட்டுல இன்னும் அஞ்சு பேர அதே பிளான்ல சேத்துக்கலாம், அவங்க போட்டோ நமக்குத் தெரியாது, நம்மது அவங்களுக்குத் தெரியாது, இடத்த மட்டும் தான் பகிர்ந்துக்கறது. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ண யோசிங்க. 60 ஜிபி வரைக்கும் ரொப்பிட்டு அப்புறம் கட்டறத நிறுத்துனா உங்க அளவு மறுபடி 15க்கு எறங்கிடும், 60 ஜிபி சாமான் 15 ஜிபி எடத்துல நிக்கற கணக்கா ஆயி மெயில் வர்றது நின்னுடும். ஆட்டோபேல போட்டிருக்கற கார்டு எக்ஸ்பைரி ஆனாலும், யூபிஐ மேண்டேட் கேன்சல் ஆனாலும் இதே தான் நடக்கும், அதனால கட்டறவங்க வருஷத்துல என்னிக்கு பணம் எடுக்குதோ அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி போன்ல ஒரு ரிமைண்டர் வெச்சுடுங்க.